முதல் கிளாஸை யார் குடித்தது?

விருது வாங்கிய பீர்களில் எதைக் குடிக்கலாம் என்று இனி எவனாவது என்னிடம் கேட்டால் கன்னத்தில் ஒன்று விடுவதாக இருக்கிறேன். ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கேட்கிறவன் என்னைவிட ஒல்லியாக இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் விடுவேன். கோபம் வேறு, முட்டாள்தனம் வேறு.

கிளப்பிவிட்டவன் என் அக்கா மகன் கார்த்தி. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். போன வாரம் செல்போனில் ஒரு பட்டியலை அனுப்பினான். விருது பெற்ற சின்ன பீர்ப் பட்டறைகள், எங்கே போகலாம், எதைக் குடிக்கலாம் என்று எவனோ ஊர் சுற்றி எழுதியது. உச்சியில் 'பொருநை' என்று ஒரு பீர். தாமிரபரணிக்குப் பழைய பேர் அது. அதன் கீழே: 'பொதிகையில் பிறந்த நதியின் நீரில் வடித்தது. தங்கப் பதக்கம். அபூர்வமான வெண்ணெய் மணம். தவறவிடாதீர்கள்.'

கூடவே கார்த்தியின் குரல். "மாமா, உங்க பழைய கம்பெனி சரக்குதான் முதல் இடம்! நம்ம ஆத்துத் தண்ணியாம்லா? இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க!"

ஒரு வார்த்தையா? ஏழெட்டு வார்த்தை வந்தது. எதையும் அச்சில் ஏற்ற முடியாது. என் வீட்டுக்காரி சிவகாமி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "நெஞ்சு வலிக்கா?" என்று கேட்டாள். "இல்ல, வெண்ணெய்" என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆற்றுத் தண்ணீர் என்றது பொய். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த 'வெண்ணெய் மணம்' இருக்கிறதே, அது என் வாயிலிருந்து விழுந்தது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில். முட்டை போட்ட கேக் என்றால் தட்டையே தனியாக ஒதுக்குகிற சைவக் குடும்பம். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை பீர் காய்ச்சப் போனதைத் தெருவில் எப்படிச் சொல்வது? சிவகாமி 'தண்ணி சுத்திகரிப்பு' என்று சொல்லிவைத்தாள். முழுப் பொய் இல்லை. பீர்ப் பட்டறையில் பாதி வேலை தண்ணீர், மீதி வேலை கழுவல். காய்ச்சுவது இடையில் நடக்கிற சின்னச் சமாச்சாரம்.

என்னைக் கூட்டிப்போனதே கழுவத்தான். அதற்கு முன்னால் ஊர்ப்பக்கம் ஒரு பால் பண்ணையில் இருந்தேன். குழாய், வால்வு, டாங்க். காரம் போட்டுக் கழுவி, அமிலம் போட்டு அலசி, வெந்நீர் விட்டு, மறுபடியும் கழுவல். பால் திரிந்தால் ஊரே கேட்கும் என்கிற பயத்திலேயே என் வாலிபம் போயிற்று. அங்கே ஆள் குறைத்தபோது ஒரு சிநேகிதன், "பாலுக்குப் பதிலா பீரு, எவர்சில்வர் அதே எவர்சில்வர்தாம்வே" என்று பெங்களூருக்கு இழுத்துக்கொண்டு போனான். முன்னால் குடிக்கிற கூடம், நடுவில் கண்ணாடிச் சுவர், பின்னால் நாங்களும் டாங்க்குகளும். மிருகக்காட்சி சாலை மாதிரிதான். யார் எந்தப் பக்கம் என்பது சாயங்காலத்துக்குச் சாயங்காலம் மாறும்.

தலைமைக் காய்ச்சுநர் ஜெனோவா. உவரிக்காரர். என்னைவிட வயதில் சின்னவர். வயதில் பெரியவனான நான் அவரை 'மேடம்' என்பேன். பதவியில் பெரியவரான அவர் என்னை 'அண்ணாச்சி' என்பார். ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

மீன் வியாபாரக் குடும்பம். கடற்கரையில் கூடை வந்து இறங்கும்போதே, செவுளைத் தூக்கிப் பார்க்காமல், எது நேற்றைய மீன் என்று தள்ளி நின்றே சொல்கிற மூக்கு. அந்த மூக்கோடு உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, ஒரு பெரிய ஆலையின் சோதனைக்கூடத்தில் வருஷக்கணக்காகக் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். டாங்க் பக்கம் விடமாட்டார்களாம். "பொம்பளை ஏணியில ஏறக்கூடாதுன்னாங்க அண்ணாச்சி. எங்க அம்மை அலையில நின்னு வலை இழுத்தவ" என்று ஒரே ஒருமுறை சொன்னார். இந்தச் சின்னப் பட்டறையில்தான் முதல்முறையாக டாங்க் அவர் கைக்கு வந்தது.

அவர் காலடியெடுத்து வைத்தால் வாசனைக்கெல்லாம் தடை. மல்லிகைப்பூ கூடாது, செண்ட் கூடாது, பாக்கு கூடாது. என் நெற்றியையும் விடவில்லை. "துன்னூறு பூசுதது உங்க இஷ்டம். வாசனைத் துன்னூறு வேண்டாம். டாங்க்கைத் திறந்தா உங்க நெத்திதான் மணக்குது." மறுநாளிலிருந்து ஊரிலிருந்து வெறும் சாம்பல் தருவித்தேன்.

முதல் நாளே ஒரு கிளாஸை என் முன்னால் வைத்தார். "என்ன மணக்குது?"

பால் பண்ணைக்காரனுக்கு இது ஒரு கேள்வியா? "ஆஹா! அருமையான வெண்ணெய் மேடம்! பசும்பால் வெண்ணெய்!"

கண்ணை மூடிக்கொண்டார். "அண்ணாச்சி, இது பீரு."

"தெரியும் மேடம்."

"பீருல வெண்ணெய் மணந்தா என்ன அர்த்தம்?"

"கைராசின்னு அர்த்தம்."

"டாங்க்கைக் கொட்டணும்னு அர்த்தம்."

பால் பண்ணையில் எதற்காக என்னைத் தோளில் தட்டுவார்களோ, அதற்கு இங்கே சாக்கடை. சொர்க்கத்துக்குப் போனவனிடம், 'இங்கே புண்ணியம்தான் பாவம்' என்று சொன்ன மாதிரி இருந்தது.

பிறகு பொறுமையாக விளக்கினார். ஈஸ்ட் இனிப்பைத் தின்று பீராக்கும்போது ஒரு வெண்ணெய் வாடையைக் கக்கும். பயப்பட வேண்டாம். வேலை முடிகிற நேரத்தில் டாங்க்கைக் கொஞ்சம் கதகதப்பாக விட்டுவைத்தால், கக்கினதை அதுவே பொறுக்கித் தின்றுவிடும். அப்புறம் வாரக்கணக்காகக் குளிரில் கிடத்தலாம். அவசரப்பட்டு முன்னாடியே குளிரவிட்டால் ஈஸ்ட் தூங்கிப்போகும், வெண்ணெய் அப்படியே நிற்கும்.

சோதனை ஒன்று வைத்திருந்தார். டாங்க்கிலிருந்து ரெண்டு கிளாஸ் பிடிப்பார். ரெண்டையும் மூடுவார். ஒன்றை வெந்நீர்ப் பாத்திரத்தில் உட்கார வைப்பார். ஆவி பறக்கிற தண்ணீர், கொதிக்கிற தண்ணீர் இல்லை. இன்னொன்று சும்மா இருக்கும். சூடானதை எடுத்து ஆறவிட்டு, ரெண்டையும் ஒரே குளிர்ச்சிக்குக் கொண்டுவந்து, முதலில் சும்மா இருந்ததை முகர்வார், பிறகு மற்றதை. சும்மா இருந்தது சுத்தமாக மணக்கும், நம்மை ஏமாற்றும். சூடுபட்டது உண்மையைக் கக்கிவிடும். அதில் வெண்ணெய் வந்தால் பீர் இன்னும் ஆகவில்லை. முகர்ந்துவிட்டு, தன் சட்டைக் கையை ஒருதரம் முகர்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முகர்வார். அதுவரை யாரும் பேசக்கூடாது. எனக்கு அப்போதுதான் தும்மல் வரும். அடக்கி அடக்கிக் காது அடைத்துப் போனதுண்டு.

இதைவிடப் பெரிய வழக்கம் முதல் கிளாஸ். புது டாங்க்கின் குழாய்க் கைப்பிடியில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருக்கும். கூடத்தில் ஆட்கள் இருக்கும்போதே ஜெனோவா வந்து முதல் கிளாஸைப் பிடித்து, எல்லாரும் பார்க்க நின்றே குடிப்பார். குடித்த பிறகுதான் துணியை அவிழ்க்கலாம். குடிக்காமல் கீழே வைத்துவிட்டால் அந்த டாங்க் விற்பனைக்கு இல்லை. அவர் வேலைக்குச் சேரும்போது கேட்டுவாங்கிய ஒரே உரிமை அதுதான். நான் இருந்த காலத்தில் கீழே வைத்து, கொட்டியும் இருக்கிறார். கொட்டுகிற அன்றைக்குப் பட்டறையில் சாவு வீட்டு அமைதி இருக்கும். ஆனால் மறுநாள் வருகிறவன் நம்பிக் குடிப்பான்.

எங்கள் முதலாளி வருண். சென்னைப் பையன். கெட்டவன் இல்லை, அதுதான் ஆபத்து. எதைப் பார்த்தாலும் "ஸ்டோரி வேணும் அண்ணா" என்பான். ஜெனோவா அம்பாசமுத்திரத்துப் பக்கத்து அரிசியைக் கொஞ்சம் சேர்த்து, லேசான, குளிரில் நெடுநாள் கிடக்கிற ஒரு பீர் செய்துகொண்டிருந்தார். அரிசி வாங்கிவந்தது நான். வருண் குடித்துப் பார்த்தான். கண் விரிந்தது. "அண்ணா, இதைப் போட்டிக்கு அனுப்பறோம். ஆனா அரிசின்னா யாருக்கும் பிடிக்காது. உங்க ஊரு ஆத்துத் தண்ணி கொண்டுவரலாமா?"

ஜெனோவா உடனே மறுத்தார். "எந்தத் தண்ணியவும் நான் அந்தத் தண்ணி மாதிரி ஆக்கிருவேன். உப்பை எடுக்கணும், வேண்டியதைப் போடணும், அவ்வளவுதான். ஆறு எதுக்கு இங்க வரணும்?"

"ஸ்டோரி ஜெனோவா."

"எங்க ஊர்ல குழாய் வராத நாள்ல குடத்தைத் தூக்கிட்டு நடந்தவ நான். அரிசி விக்கதுக்கு விளையுது. தண்ணி குடிக்கதுக்கு வருது."

வருண் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதலாளியாக இருப்பானா?

பழைய சிநேகத்தில் நான்தான் எவர்சில்வர் பால் டாங்கர் ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஆற்றங்கரைத் தோட்டத்துக் கிணற்றில் நிரப்பினோம். ஆறு என்று படத்தில் தெரிய வேண்டுமே, அதற்காக வருண் பாபநாசத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, செம்பில் மொண்டு, சூரியனைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தான். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏ தம்பி, சோப்புத் தண்ணியையா மொள்ளுத? அங்கன தள்ளிப் போயேன்." வருணுக்குப் புரியவில்லை. கும்பிட்டான். அதையும் படம் பிடித்தார்கள்.

டாங்கரில் டிரைவர் பக்கத்தில் நான். ஓசூர் தாண்டும் முன் காலையில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். எனக்குப் பயம் வந்தால் வாயும் மூளையும் தனிக்குடித்தனம் போய்விடும்.

"டாங்கர்ல என்னய்யா?"

"சார், நான் சைவம்!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னைக் கேக்கல. டாங்கர்ல என்ன?"

"தண்ணி சார்."

மூடியைத் திறக்கச் சொல்லி, எட்டிப் பார்த்து, இறங்கி வந்தார். "பால்ல தண்ணி கலக்கிறவன் எத்தனையோ பேரைப் பிடிச்சிருக்கேன். பாலே இல்லாம கலப்படம் பண்ற ஆளை இன்னிக்குத்தான்யா பாக்கிறேன். எதுக்கு இது?"

"பீர் காய்ச்ச சார்."

"ஏன், பெங்களூர்ல தண்ணி இல்லையா?"

அந்தப் போட்டியில் எத்தனையோ நடுவர்கள் இருந்தார்கள், நாக்குக்கே பட்டம் வாங்கியவர்கள். ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பதக்கம் வந்தது. தங்கம். அது நியாயமான பதக்கம், அதை மறுக்க மாட்டேன். அந்த டாங்க்கை ஜெனோவா பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். கதகதப்பில் வைத்து, வெந்நீர்ச் சோதனை பார்த்து, குளிரில் வாரக்கணக்காகக் கிடத்தி, முதல் கிளாஸைக் குடித்துவிட்டு அபூர்வமாகச் சிரித்தார். வைக்கோல் நிறம். வெந்து வடித்த சோற்றின் மணம் லேசாக, கடைசியில் ஒரு சின்னக் கசப்பு. நான் சைவன், மனச்சாட்சி உள்ளவன். ரெண்டு கிளாஸ் குடித்தேன்.

இந்த விருதுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நடுவர்கள் குடிப்பது நீங்கள் அனுப்புகிற பாட்டிலை. கூடத்தில் குழாயில் வருவதை இல்லை. பதக்கம் தந்த பிறகு, ஆறு மாதம் கழித்து எவனாவது வந்து அதே பீர்தானா என்று குழாயைத் திறந்து பார்க்கிறானா? மாட்டான். பதக்கம் சுவரில் தொங்கும். அதன் கீழே என்ன ஊற்றினாலும் தங்கம்தான். கல்யாண ஆல்பத்தைக் காட்டி, 'இன்றைக்கும் இப்படித்தான் இருக்கிறேன்' என்று சொல்கிற மாதிரி. நானும் காட்டுவதுண்டு. ஆனால் அதற்குக் காசு வாங்குவதில்லை.

கூட்டம் மொய்த்தது. அந்த டாங்க் காலி. அடுத்த டாங்க்குக்கு ஆற்றுத் தண்ணீர் இல்லை, பெங்களூர் போர்வெல் தண்ணீர்தான். அதனால் பீர் கெடாது, ஜெனோவா சொன்னபடி அதைச் சரிசெய்து காட்டினார். "தண்ணி எங்கதுன்னு மட்டும் உள்ளதைச் சொல்லுங்க" என்றார். வருண் தலையை ஆட்டினான். சொல்லவில்லை. கெடுத்தது வேறு. பெங்களூரில் இருக்கிற நெல்லைக்காரர்களின் சங்கத்தைக் கூப்பிட்டு, பதக்க விழா என்று ஒரு நாளைக் குறித்துவிட்டான். பீர் ஆக இன்னும் மூன்று வாரமாவது வேண்டும். விழாவுக்கு அவ்வளவு நாள் இல்லை.

ஜெனோவா வெந்நீர்ச் சோதனை பார்த்தார். சூடுபட்ட கிளாஸை முகர்ந்தார், சட்டைக் கையை முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். வெண்ணெய். தோசைக்கல்லில் விழுந்த வெண்ணெய்.

"ஆகல. விழாவைத் தள்ளுங்க. இல்லைன்னா அன்னைக்குக் கோதுமை பீரை ஊத்துங்க, அது நல்லா வந்திருக்கு" என்றார் வருணிடம்.

"பதக்கம் வாங்கினது கோதுமையா?"

நாங்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவனே போய்க் குளிர்ப் பொத்தானை அமுக்கிவிட்டான். திரும்பி வந்தபோது டாங்க் மேல் பனி முத்து முத்தாக நின்றது. ஜெனோவா அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "தூங்கிப்போச்சு அண்ணாச்சி" என்றார். ஈஸ்ட்டைச் சொன்னார்.

விழா அன்று கூடம் நிறைய நெல்லைத் தமிழ். சங்கத் தலைவர் பாத்திரக்கடை அண்ணாச்சி, வெள்ளை வேட்டியில், முன் வரிசையில். எங்கே பார்த்தாலும் "நம்ம ஆறு, நம்ம ஆறு". எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆற்றின் பேரில் பீர் வந்தால் நெஞ்சு விரிகிறது. அதே ஆறு நம் டவுனைத் தாண்டும்போது அதற்குள் எதையெல்லாம் விடுகிறோம் என்று கேட்டால் அத்தனை பேருக்கும் அவசர வேலை வந்துவிடுகிறது. குறுக்குத்துறை ஆற்றங்கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிற ஆட்கள்தான் அங்கே கிளாஸைத் தூக்கி, "தாமிரபரணித் தாயே" என்றார்கள்.

கேமரா ஓடியது. ஜெனோவா வந்தார். குழாயைத் திறந்தார். முதல் கிளாஸ். மேலே நுரை, பார்க்க அழகுதான். அவர் கிளாஸை ரெண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துக் கொஞ்சம் சூடேற்றினார். முகர்ந்தார். கீழே வைத்தார்.

"இது ஆகல."

வருண் சிரித்துக்கொண்டே பல்லுக்குள் பேசினான். "ஒரு வாய் ஜெனோவா. கேமரா இருக்கு."

"கேமராவைக் குடிக்கச் சொல்லுங்க."

"இதைக் குடிக்கலைன்னா நாளைக்கு வர வேண்டாம்."

பக்கத்தில் நின்ற எனக்கு அது தெளிவாகக் கேட்டது. ஜெனோவாவுக்கும் கேட்டது. வருஷக்கணக்காகக் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்து, கடைசியாகக் கைக்கு வந்த டாங்க். அவர் கிளாஸைப் பார்த்தார், தொடவில்லை. கை பின்னால் போய், ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

வருண் சட்டென்று என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான். "நம்ம சிதம்பரம் அண்ணா, அந்த ஆத்தங்கரையில பிறந்தவரு! அவரே குடிச்சுச் சொல்லட்டும்!" கை தட்டினார்கள். இன்னொரு கிளாஸ் பிடித்து என் கையில் திணித்தான். துணியை அவனே அவிழ்த்தான்.

என் நிலைமையைச் சொல்கிறேன். முன்னால் முதலாளி, பின்னால் ஜெனோவா, நடுவில் கேமரா. நன்றாக இருக்கிறது என்றால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது? நன்றாக இல்லை என்றால் வேலை போகும், சிவகாமி தெருவுக்குப் புதுப் பொய் தேட வேண்டும். குடித்தேன். நாக்கு முழுக்க வழுவழுவென்று பரவியது. வாய் திறந்தது. மூளை அப்போது ஊரில் இல்லை.

"ஆஹா! அருமையான வெண்ணெய்!"

வீரம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். முதல் நாள் சொன்ன அதே வாக்கியம், பயத்தில் தானாக வெளியே வந்தது. ஆனால் வெளியே வந்த பிறகு, அடே, உண்மையைத்தானே சொல்லியிருக்கிறோம் என்று தோன்றியது. கொஞ்சம் தைரியம் வந்து, "தோசைக்குத் தொட்டுக்கலாம்!" என்றும் சேர்த்தேன்.

பாத்திரக்கடை அண்ணாச்சி எழுந்து வந்தார். "கொண்டாரும்வே பாப்போம்." என் கிளாஸை வாங்கி முகர்ந்தார். "ஆமாலே! நெய்க்கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரில்லா இருக்கு! இதுவா நம்ம ஆறு?" கூடம் வெடித்துச் சிரித்தது. வருண் முகம் செத்துப்போனது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஜெனோவாவைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைக்கூடச் சிமிட்டினேன்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வருண் மேடையில் நின்றான். "கரெக்ட்! வெண்ணெய் மணம்! நெல்லைச் சீமையோட வெண்ணெய் மணம், இதுதான் எங்க புது ஸ்டைல்! அண்ணாவுக்கு ஒரு கை தட்டுங்க!"

தட்டினார்கள். எல்லாருக்கும் ஊற்றினார்கள். எல்லாரும் முகர்ந்தார்கள். "ஆமா, வெண்ணெய்!" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லி, சிரித்து, குடித்து, படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். சாக்கடைக்குப் போகவேண்டியது, என் வாய் வழியாகப் போய், தங்கமாகிவிட்டது.

ஜெனோவாவின் கிளாஸ் மட்டும் மேசைமேல் அப்படியே இருந்தது. நுரை அடங்கி, வேர்த்து, கீழே ஒரு வட்டம் போட்டிருந்தது.

அவர் ஏப்ரனை மடித்துக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்தார். "அண்ணாச்சி, நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீய. ஆனா சிரிக்க வச்சிட்டீய. சிரிக்கவன் எவனும் கிளாஸைக் கீழ வைக்க மாட்டான்."

  

மறுநாள் அவர் வரவில்லை. வருண் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். "இனிமே முதல் கிளாஸ் நீங்கதாண்ணா. கேமரா உங்களைத்தான் விரும்புது." பதவி உயர்வு! வாழ்க்கையில் முதல் பதவி உயர்வு! நெஞ்சு வலி என்று சொல்லிவிட்டேன். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். அதை மட்டும் பட்டறையில் சொல்லவில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். திருநெல்வேலி ஜங்ஷனில்தான் இறங்கினேன்.

இப்போது கார்த்திக்கு வருகிறேன். பட்டியலைப் பார்த்த மறுநாள் நானே கூப்பிட்டேன், திட்டுவதற்காக.

"லே, அந்தப் பட்டியலைக் கிழிச்சுப் போடு."

"போன்ல இருக்கத எப்படி மாமா கிழிக்க?"

"வாயை மூடு. போனியா அங்கன?"

"நேத்துப் போனேன். வெண்ணெய் மணக்கத்தான் செஞ்சுது. நல்லாத்தான் இருந்துது மாமா."

"நல்லாத்தான் இருக்கும். எனக்கும் முதல் நாள் நல்லாத்தான் இருந்துது. இந்த டாங்க்ல முதல் கிளாஸை யாரு குடிச்சான்னு கேட்டியா?"

"அதை எதுக்கு மாமா கேக்கணும்?"

ஜெனோவா கதையில் ஆரம்பித்து அரைமணி நேரம் கத்தினேன். சிவகாமி செம்பில் தண்ணீரோடு பக்கத்தில் நின்றாள். கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை ஈஸ்ட்டிலிருந்து வர வேண்டும், வாழைப்பழத்திலிருந்து இல்லை என்றேன். கருப்பு பீரில் காபி வாசனை வறுத்த தானியத்திலிருந்து வந்தால் போதும், காபிக்கு நாம் காபிக்கடைக்குப் போவோம் என்றேன். மாம்பழம், புளி, மிளகு என்று போர்டில் எழுதி வைத்திருப்பதை எல்லாம் தாண்டி, இருப்பதிலேயே சாதாரணமானதைக் கேள், அதில்தான் தப்பை ஒளிக்க இடம் கிடையாது என்றேன். பதக்கத்தைப் பார்க்காதே, ஆளைப் பார் என்றேன். மூச்சு வாங்கியது.

"சரி மாமா. அந்த ஜெனோவா மேடம் இப்ப எங்க?"

அவர் போனில் கூப்பிட்டிருந்தார், ரெண்டு மாசத்துக்கு முன்னால். இன்னொரு ஊரில், இதைவிடச் சின்னப் பட்டறையில் இருக்கிறார். குரலில் காற்றுச் சத்தம். "அண்ணாச்சி, இங்கயும் முதல் கிளாஸ் நான்தான். வந்ததுலேருந்து ரெண்டு தடவை குடிக்காம வச்சிட்டேன்."

"முதலாளி என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. கொட்டுங்கன்னுட்டு, அவரே வந்து வால்வைத் திறந்து விட்டாரு. மூணாவது நல்லா வந்திருக்கு. நம்ம அம்பாசமுத்திரத்து அரிசிதான். தண்ணி இந்த ஊர்த் தண்ணி. போர்டுல அப்படியேதான் எழுதிருக்கோம்."

இதைக் கார்த்தியிடம் சொன்னேன்.

"அப்ப நீங்க விருது கொடுக்கதா இருந்தா அந்த ரெண்டு டாங்க்குக்குத்தான் கொடுப்பீங்க. ஆனா கொட்டினதைக் குடிக்க முடியாதுல்லா மாமா?"

"அதாம்லே சொல்லுதேன். கொட்டத் தெரிஞ்சவன் கடையில போயி, அவன் கொட்டாம வச்சிருக்கதைக் குடி."

"எந்தக் கடை? பேரைச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"ஏன் மாமா?"

"நீ பட்டியல்ல போடுவ."